வரத்தைப் போதகரிடம் கொண்டுசெல்லும் முறை

தேவன் தமக்கு ஏதோ ஒரு வரத்தை அருளியிருக்கிறார் என்று உள்ளத்தில் உணர்ந்தும், அதை எங்கே தொடங்குவது, யாரிடம் கேட்பது, எவ்வளவு தூரம் துணிவது என்று அறியாமல் தயங்கிநிற்கும் சபையாரை மனத்திற்கொண்டே இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது. ஞாயிறு பள்ளியில் தாம் கதை சொல்லத் தொடங்கியதும் பிள்ளைகள் அசையாமல் அமர்ந்துவிடுவதைக் கண்ட ஆசிரியையும், ஒரு நோயாளியின் கட்டிலருகே ஜெபித்த பின்பு அக்குடும்பத்தார் மறுபடியும் தம்மையே தேடிவருவதைக் கண்ட மூதாட்டியும், வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு வார்த்தை தம் நெஞ்சில் எழுந்து வெளிவரத் துடிப்பதை உணர்ந்த வாலிபரும், தத்தம் அடுத்த அடியைத் தனியே எடுத்துவைக்காமல் சபைப் போதகரின் கண்முன் எடுத்துவைக்க வேண்டும் என்பதே இங்கே சொல்லவந்த விஷயம்.

பெங்களூரில் இதற்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. 1809-இல் கன்டோன்மென்ட் அமைந்த காலமுதல் பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் வந்து குடியேறிய தமிழர்களால் சிவாஜிநகர், அல்சூர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் முதலிய பகுதிகளில் தமிழ்ச் சபைகள் வேரூன்றின. அங்கே பல தலைமுறைகளாகப் போதகர் வீட்டுக்கும் சபையார் வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு. ஆனால் ஒயிட்பீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலைக்கு வந்து, வாடகை ஒப்பந்தம் முடியுந்தோறும் வீடு மாற்றி, வீட்டோடு சபையும் மாற்றி, காலையில் தமிழ் ஆராதனை, மாலையில் ஆங்கில வாலிபர் கூட்டம், இரவில் கைப்பேசியில் வேறொருவர் பிரசங்கம் என்று வாழ்கிற இளைஞருக்கோ, பிரசங்கத்துக்குக் குறைவில்லை என்றாலும், தம்மை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தறிந்த மேய்ப்பர் ஒருவர்கூட இல்லாமற்போகிறது. வரம் வளராமல் நிற்பதற்கும், வளர்ந்து கோணிப்போவதற்கும் இதுவே முதற்காரணம் என்பது என் துணிபு.

அறியவேண்டிய அளவு தத்துவம்

வரங்களின் பட்டியல்கள் ரோமர் 12, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4, 1 பேதுரு 4 ஆகிய அதிகாரங்களில் உள்ளன. அவற்றை ஒரே அமர்வில் வாசித்துப்பாருங்கள். அந்நிய பாஷை, சுகமாக்குதல், தீர்க்கதரிசனம் ஆகியவற்றோடு போதித்தல், புத்திசொல்லுதல், பகிர்ந்து கொடுத்தல், இரக்கஞ்செய்தல், உதவி ஊழியம், நிர்வாகம் என்பனவும் அங்கே சமமாக வைக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். எபேசியருக்கு எழுதிய நிருபம் மேய்ப்பரும் போதகரும் சபைக்கு அளிக்கப்பட்டதன் நோக்கத்தையும் சொல்லுகிறது: சபையாரை ஊழியத்துக்குத் தகுதிப்படுத்துவதே அது. ஆகையால் உங்கள் வரத்தைப் பற்றிப் போதகரிடம் பேசச்செல்லும்போது அவருக்குப் பாரம் கூட்டுவதாக எண்ணி நாணவேண்டுவதில்லை. அவர் அழைக்கப்பட்ட வேலையையே அவரிடம் கொண்டுசெல்லுகிறீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தில், வரங்களைச் சோதித்தறியும் பொறுப்பு மேய்ப்பர்களுக்கு உரியது என்றும், ஆனால் ஆவியை அவித்துப்போடாதிருப்பதும் அவர்கள் கடமை என்றும் தெளிவாக்கியது.

ஒருவர் கண்காணிப்பதால் விளையும் பயன்

சீலோவில் இளம் சாமுவேல் இரவில் தன்னை அழைக்கும் குரலைக் கேட்டும், அது யாருடையது என்று அறியாமல் மூன்று தரம் ஏலியினிடம் ஓடினான். கண் மங்கியவனும் தன் குமாரரையே அடக்கத் தவறியவனுமான அந்த முதிய ஆசாரியன்தான் குரலுக்குரியவரை அடையாளங்காட்டி, என்ன மறுமொழி சொல்லவேண்டும் என்பதையும் கற்பித்தான். குறையற்ற போதகர் கிடைக்கட்டும் என்று காத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். வாக்குவல்லமை மிக்க அப்பொல்லோவின் உபதேசத்தில் குறைவிருந்ததைக் கண்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைக் கூட்டத்தின் நடுவில் மறுத்துப் பேசாமல், தம்மோடு சேர்த்துக்கொண்டு தெளிவாக விளக்கினார்கள். நல்ல வழிகாட்டுதல் பெரும்பாலும் இப்படி அடுப்பங்கரைக்கும் திண்ணைக்கும் நடுவேதான் நடக்கிறது.

தமிழர்க்கு மிக அண்மையான உதாரணம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த அவரை, 1785-இல் அவ்வூருக்கு வந்த மிஷனரி சுவார்த்ஸ் ஐயர் கண்டு, தந்தையின் சம்மதத்தோடு தஞ்சாவூருக்கு அழைத்துச்சென்று தம் பிள்ளைபோல் வளர்த்து, தரங்கம்பாடியிலும் கற்கச்செய்து, இளமையிலேயே தஞ்சையில் ஆசிரியராக அமர்த்தினார். பிள்ளையிடம் இருந்த கவித்துவத்தை அவர் உண்டாக்கவில்லை. அதற்குப் படிப்பும் வேலையும், பாடுவதற்கு ஒரு சபையும் கொடுத்தார். பெத்லகேம் குறவஞ்சியும், இன்றைக்கும் தமிழ்ச் சபைகளில் ஒலிக்கும் கீர்த்தனைகளும் அந்த மண்ணில்தான் முளைத்தன. அதே சாஸ்திரியார், சுவார்த்ஸ் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின், புதிய மிஷனரிமார் ஆலயத்தில் சாதிப் பிரிவினையை நீக்க முற்பட்டபோது அதை எதிர்த்து நின்றார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பெரிய வரம் பெற்றவருக்கும் வேறொரு காரியத்தில் கண் மறைக்கப்படக்கூடும். ஆகையால் வழிகாட்டுதல் இளமைக்கு மட்டும் வேண்டியதென்று எண்ணற்க.

யாரிடம் செல்வது

1. நீங்கள் அங்கத்தினராக இருக்கும் சபையின் போதகரே முதல் இடம். சபை மிகப் பெரியதாக இருந்து தலைமைப் போதகரை அணுகுவது அரிதானால், உங்கள் பகுதியைக் கவனிக்கும் உதவிப் போதகரிடமோ உபதேசியாரிடமோ தொடங்குங்கள். கத்தோலிக்கர் பங்குத்தந்தையிடம் சொல்லி, அவர் காட்டும் ஆன்ம வழிகாட்டியிடம் செல்லலாம்.

2. எந்தச் சபையிலும் நிலையாகச் சேராதவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டு, அங்கத்தினர் பதிவில் பெயர் சேர்த்து, ஆறு மாதமாவது ஞாயிறு தவறாமல் செல்லவேண்டும். அதற்கு முன் வரத்தைப் பற்றிய பேச்சை எடுப்பதால் பயனில்லை; உங்களைக் காணாதவர் உங்களைப் பற்றி என்ன சொல்லமுடியும்?

3. பெண்களுக்கு, தனியே ஒரு போதகரோடு நெடுநேரம் பேசுவது கூச்சமாக இருக்குமானால், ஐயரம்மாவையோ மாதர் சங்கத்தில் முதிர்ந்த சகோதரி ஒருவரையோ முதலில் நாடுவது தகும். தென்னிந்தியத் திருச்சபையில் பெண் குருவானவர்களும் இருக்கிறார்கள்.

4. முதற்சந்திப்பிலேயே உங்களுக்கு இன்ன வரம் என்று தீர்ப்புச் சொல்லுகிறவரையும், அதற்குக் காணிக்கை கேட்கிறவரையும், உங்கள் சபையாருக்கும் பெற்றோருக்கும் தெரியவேண்டாம் என்கிறவரையும் விட்டு விலகுங்கள். இம்மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும். மற்ற நற்குணங்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சந்திப்பதற்கு முன் செய்யவேண்டியவை

நாற்பது பக்க நோட்டுப்புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு மாதங்களில் அதில் எழுதவேண்டியவை இவை:

1. எந்த ஊழியத்தைச் செய்தீர்கள், எங்கே, எந்தத் தேதியில், யார் கேட்டுக்கொண்டதால். ‘யாரும் கேட்கவில்லை, நானே சென்றேன்’ என்றால் அப்படியே எழுதுங்கள்.

2. அதனால் பிறருக்கு விளைந்தது என்ன. உங்கள் உள்ளம் எவ்வளவு பொங்கியது என்பதைவிட, கேட்டவர் அடுத்த வாரம் என்ன செய்தார் என்பதே இங்கே வேண்டும். ஞாயிறு பள்ளிப் பிள்ளை கதையைத் தன் தாயிடம் திரும்பச் சொன்னதா? துக்க வீட்டில் நீங்கள் சென்றபின் அவர்கள் உணவருந்தினார்களா?

3. உங்களை நன்கறிந்த இருவர் சொல்லும் அபிப்பிராயம். ஒருவர் உங்கள் வீட்டாராக இருக்கட்டும். மனைவியோ கணவரோ தாயாரோ சொல்லும் வார்த்தை பாராட்டாக இல்லாவிட்டாலும் அதைக் குறையாமல் எழுதுங்கள்.

4. அந்த ஊழியத்தால் உங்கள் வேலையும் குடும்பமும் அடைந்த நன்மை தீமை. இரவுப்பணி செய்பவர் தூக்கத்தை விட்டு ஜெபக்கூட்டங்களுக்கு ஓடி, அலுவலகத்தில் பிழை செய்தால் அதுவும் பதிவாகவேண்டும்.

குறிப்பு: சொப்பனம், தரிசனம் ஆகியவற்றைத் தனிப்பக்கத்தில், தேதியோடு, கண்டபடியே எழுதிவையுங்கள், வியாக்கியானத்தைச் சேர்த்து எழுதவேண்டாம். பின்னால் நடந்ததற்கு ஏற்ப நினைவு தன்னையறியாமல் மாறிக்கொள்வது மனித சுபாவம்; தேதியிட்ட எழுத்து அதைத் தடுக்கும்.

முதற்சந்திப்பு

ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் வாசலில் நின்று கைகுலுக்கும் நேரம் இதற்கு உகந்ததன்று. அப்போது நேரம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

“ஐயா, ஒரு காரியம் பற்றி உங்களிடம் ஆலோசனை கேட்கவேண்டும். இந்த வாரத்தில் அரைமணி நேரம் தருவீர்களா?”

“புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வாருங்கள் தம்பி. ஜெபித்துவிட்டுப் பேசுவோம்.”

சென்றதும் நோட்டுப்புத்தகத்தைக் கையில் கொடுத்து, நடந்ததைச் சுருங்கச் சொல்லி, மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இது வரமாக இருக்கக்கூடுமென்று உங்களுக்குத் தோன்றுகிறதா? இதில் என் குறை என்ன? சபையில் இப்போது தேவையான எந்தச் சிறிய வேலையில் இதைப் பயன்படுத்தலாம்? மூன்றாவது கேள்வியே முக்கியமானது. மேடையும் ஒலிபெருக்கியும் கேட்டுச் செல்பவருக்குப் போதகர் காத்திருக்கச் சொல்வார். வேலை கேட்டுச் செல்பவருக்கு அன்றே ஏதேனும் ஒன்று கிடைத்துவிடும். உடனே பதில் சொல்லாமல் சில வாரம் பொறுக்கச் சொன்னாலும் மனங்கசக்கவேண்டாம். உங்களை நன்றாகப் பார்த்துச் சொல்லவேண்டும் என்ற சிரத்தையே அந்தத் தாமதத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

முதல் வருஷத்தின் ஒழுங்கு

எல்லா வரங்களுக்கும் பொதுவான கிரமம் ஒன்று உண்டு: முதலில் பார்த்தல், பின்பு உடனிருந்து செய்தல், பின்பு அவர் பார்க்கச் செய்தல், கடைசியாகத் தனியே செய்து கணக்கு ஒப்புவித்தல். ஒவ்வொரு நிலைக்கும் ஏறத்தாழ மூன்று மாதம் கொடுங்கள். நாற்று பிடுங்கி நடுமுன் வயல் சேறாகிப் பதப்படவேண்டும் என்பதை விவசாயி அறிந்திருப்பதுபோல, முதல் மூன்று மாதம் வீண்போகவில்லை என்பதைப் பயிலுவோர் அறிந்திருக்க வேண்டும். இனி, வரத்துக்கு வரம் வேறுபடும் விவரங்கள்.

*போதித்தல்.* போதகர் பிரசங்கம் செய்யும் வேதபாகத்தை முந்திய வெள்ளிக்கிழமையே கேட்டறிந்து, நீங்களே ஒரு குறிப்புத் தயாரித்து, ஞாயிறன்று அவர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதை அவர் விட்டார், ஏன் விட்டார் என்று கேளுங்கள். கற்பவர் பெரும்பாலும் சொல்லக்கூடியதையெல்லாம் சொல்லிவிட முயல்வர், விடவேண்டியதை விடுவதே கடினமான பாடம். அதன்பின் ஞாயிறு பள்ளியிலோ வீட்டு ஜெபக்கூட்டத்திலோ பத்து நிமிஷம் பேசி, போதகர் சொல்லும் ஒரே ஒரு திருத்தத்தை அடுத்த முறைக்குள் செய்துமுடியுங்கள். ஒரே நாளில் ஐந்து திருத்தங்களைக் கேட்டு வாங்குவோர் ஒன்றையும் செய்வதில்லை.

வேலையை விடாமல் முறையாகப் பயில விரும்புவோர்க்கு இந்நகரில் நல்ல வசதி உண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1971-இல் தொடங்கப்பட்ட ‘டாஃப்டி’ என்னும் இறையியல் விரிவாக்கக் கல்விச் சங்கம், வீட்டிலிருந்தே பாடங்களைப் படித்து, குறித்த நாட்களில் குழுவாகக் கூடி விவாதிக்கும் முறையை வகுத்திருக்கிறது. தமிழிலும் பாடங்கள் உண்டு. மில்லர்ஸ் சாலையில் 1910 முதல் இயங்கும் ஐக்கிய இறையியல் கல்லூரி முழுநேரப் படிப்புக்குரியது. கத்தோலிக்கர்க்கு, தமிழரான அருட்தந்தை டி.எஸ். அமலோர்பவதாஸ் 1967-இல் நிறுவிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நிலையம் ஹட்சின்ஸ் சாலையில் உள்ளது. எதில் சேருவதென்றாலும் போதகரைக் கேட்டுச் சேருங்கள். சபைக்குத் தெரியாமல் கற்ற படிப்பு சபைக்குள் வரும்போது வீண் சந்தேகத்தை உண்டாக்குகிறது.

*உதவி, இரக்கம், நிர்வாகம், கொடுத்தல்.* இவை பெரும்பாலும் வரமென்றே எண்ணப்படாமல் ஒதுங்கிக்கிடக்கின்றன. மருத்துவமனை விசாரிப்புக்கும் துக்க வீடுகளுக்கும் போதகர் செல்லும்போது உடன்சென்று, அவர் எப்போது பேசாமலிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். கணக்கிலே தேர்ந்தவர் சபைக் கமிட்டியின் பொருளாளருக்கு ஒரு வருஷம் உதவியாளராக இருக்கட்டும்.

*பாடல்.* கொயரில் சேர்ந்து ஒரு வருஷமாவது பின்வரிசையில் பாடிய பின்பே தனிப்பாடலைப் பற்றி யோசிக்கலாம். புதிதாகப் பாட்டு இயற்றுவோர் வார்த்தைகளைப் போதகரிடமும், இசையைக் கொயர் நடத்துபவரிடமும் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். உபதேசப் பிழை பாட்டில் புகுந்துவிட்டால், பிரசங்கத்தில் புகுந்ததைவிட நெடுங்காலம் நிலைத்துவிடும்.

*தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும்.* இங்கே சற்று நின்று பேசவேண்டியிருக்கிறது. 1860-இல் திருநெல்வேலி வட்டாரத்தில் தோன்றிய எழுப்புதலில் அந்நிய பாஷையும் தரிசனமும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டன. அதில் முதன்மையாக நின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், இளமையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் பயின்று, பின்பு அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு ஊழியம் செய்து பக்குவப்பட்டு, கிறிஸ்தியான்பேட்டையில் ஒரு சபையை நெடுங்காலம் நடத்தியிருந்தவர். எழுப்புதல் வந்தபோது அவர் ஏறத்தாழ ஐம்பது வயதினர். அந்த அக்கினியைத் தாங்குவதற்கு முன் எத்தனை ஆண்டுகள் பிறர் கையில் வனையப்பட்டார் என்பதை எண்ணிப்பாருங்கள்.

அடுத்த தலைமுறையில் திருவிதாங்கூரில் வேறொன்று நடந்தது. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராகி, சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சபையில் குருப்பட்டம் பெற்ற யுஸ்துஸ் யோசேப்பு, வித்வான்குட்டி என்று பெயர்பெற்ற கவி. 1873-இல் தொடங்கிய எழுப்புதலுக்குத் தலைமை தாங்கியவர். 1875-இல் அவருடைய கூட்டத்தாரிடையே, ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று ஒரு தீர்க்கதரிசனம் எழ, அவர் அதை ஏற்று, தம் சபையை விட்டுப் பிரிந்து தனிக்கூட்டம் அமைத்தார். 1881 வந்தது, சொன்னது நிறைவேறவில்லை, நம்பி வந்தவர் பலர் மனமுடைந்தனர். ஆயினும் அவர் இயற்றிய பாடல்களை மலையாள சபைகள் இன்றும் பக்தியோடு பாடுகின்றன. ஒரே மனிதரிடத்தில் சபை சோதித்து ஏற்றுக்கொண்ட வரம் நிலைத்தது. சோதிப்பாரில்லாமல் அறிவிக்கப்பட்ட வாக்கு அவரையே கவிழ்த்தது. அவரே குருவானவராக இருந்தவர் என்பதையும் மறவாதிருங்கள்.

ஆகையால் இவ்வரங்களில் பயிலுவோர்க்கு இம்முறை:

1. வார்த்தை எழுந்ததும் கூட்டத்தில் சொல்லிவிடாமல், எழுதிப் போதகரிடம் கொடுங்கள். அவசரமென்று தோன்றினாலும் இப்படியே செய்யுங்கள். 1 கொரிந்தியர் 14-இல் பவுல், தீர்க்கதரிசிகள் இருவர் மூவர் பேசவும் மற்றவர்கள் நிதானித்தறியவும் ஒழுங்கு செய்திருக்கிறார். நிதானிப்பாரில்லாத இடத்தில் பேசுவது அந்த ஒழுங்கின் பாதியை மட்டும் கைக்கொள்வதாகும்.

2. தேதி, கலியாணம், வேலை மாற்றம், நிலம் வாங்குதல், ஒருவருடைய இரகசியப் பாவம் ஆகியவை பற்றி எவருக்கும் நேரே வாக்குச் சொல்லவேண்டாம். இவ்வகை வாக்குகளால் முறிந்த நிச்சயதார்த்தங்களும் விட்ட வேலைகளும் நம் சபைகளில் அநேகம்.

3. சபையில் அந்நிய பாஷை பேசுவது, அர்த்தஞ்சொல்லுகிறவன் இருந்தால், ஒருவர்பின் ஒருவராக, இருவர் மூவருக்கு மேற்படாமல் என்பதும் அதே அதிகாரத்தின் கட்டளை. உங்கள் சபை இதைப் பொது ஆராதனையில் அனுமதியாததானால், தனிஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதிக்கொடுத்தவற்றைப் போதகரோடு அமர்ந்து திரும்பிப்பாருங்கள். எவை பொய்த்தன என்று அவர் காட்டும்போது விவாதிக்காமல் கேளுங்கள்.

*சுகமாக்கும் வரம்.* இதில் முதற்பயிற்சி மருத்துவமனையில் அடக்கமாக ஜெபிக்கக் கற்பது. ஹெப்பாளில் 1973 முதல் இயங்கும் பெங்களூர் பாப்டிஸ்ட் மருத்துவமனை போன்ற இடங்களில், சிகிச்சையும் ஜெபமும் ஒன்றையொன்று பகைக்காமல் நடப்பதைப் போதகரோடு சென்று காணலாம். நோயாளியின் சம்மதம் கேட்டு, சில நிமிஷமே ஜெபித்து, குணமாவது தாமதித்தால் அவருடைய விசுவாசக் குறைவே காரணம் என்று ஒருபோதும் சொல்லாதிருங்கள்.

பாதுகாப்பு எச்சரிக்கைகள்

மருந்தை நிறுத்தும்படி எவருக்கும் சொல்லற்க. சர்க்கரை நோய்க்கான இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களுக்குள் உயிருக்கே ஆபத்து வரலாம். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் வலிப்பு அடங்காமல் தொடரலாம். காசநோய் மருந்தைக் குறைந்தது ஆறு மாதமாவது முழுமையாக உட்கொள்ளாவிட்டால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். சுகம் கிடைத்ததென்று நம்புகிறவர் மருத்துவரிடமே சென்று பரிசோதித்து, அவர் சொல்லால் மருந்தை விடட்டும். குறிப்பிட்ட நோய்களை அற்புத முறையால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய வைத்தியம் பற்றிய சட்டம் தடைசெய்கிறது. சுவரொட்டி அச்சிடுமுன் இதை நினைவிற்கொள்ளுங்கள்.

தூக்கமின்றிப் பல நாள் இருந்து, இடைவிடாமல் குரல்கள் கேட்பதாகவும், தம்மைப் பிறர் பின்தொடர்வதாகவும் ஒருவர் சொன்னால், அது வரமா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல், அன்றே ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனைக்கு அழைத்துச்செல்லவேண்டும். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கும். நல்ல போதகர் இதை முதலில் சொல்பவராக இருப்பார். உபவாசம் இருப்போரும், கர்ப்பிணிகளாகவோ நெடுநாள் நோயாளிகளாகவோ இருந்தால், மருத்துவரைக் கேட்டே இருக்கவேண்டும்.

பிள்ளைகளிடையே ஊழியம் செய்வோர், ஒரு பிள்ளையோடு கதவடைத்த அறையில் தனித்திராமல், எப்போதும் பெரியவர் இருவராக இருப்பது கட்டாயம். பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் துன்பத்தைச் சொன்னால், சபைக்குள் பேசி முடித்துவிடாமல் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின் விதி; 1098 என்னும் எண்ணிலும் உதவி கேட்கலாம்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. அடுக்குமாடி வீடுகளில் அதற்கு முன்பும் அயலாரை எண்ணித் தாழ்ந்த குரலில் பாடுங்கள். கூட்டத்தில் சேரும் காணிக்கையை அன்றே இருவர் எண்ணிக் கையெழுத்திட்டுச் சபைப் பொருளாளரிடம் சேர்க்கவேண்டும். ஊழியஞ்செய்பவர் கைக்கு நேரே பணம் வரும் வழியை முதல் நாளிலேயே அடைத்துவிடுவது நல்லது.

வழக்கமாக நேரும் பிழைகள்

ஒரு போதகர் திருத்தினார் என்பதற்காக, மனம்போலப் பேசும் மற்றொருவரைத் தேடிச்செல்வது பெங்களூரில் மிக எளிது, ஏனெனில் அடுத்த சபை அடுத்த தெருவில் இருக்கிறது. இந்த எளிமையே பலருடைய வரத்தை முதிரவிடாமல் செய்தது. மற்றொரு பிழை, புகழ்பெற்ற ஊழியரின் குரலையும் கையசைப்பையும் அப்படியே பின்பற்றுவது. வரம் கிடைத்ததும் வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு ஓடுவது மூன்றாவது. குடும்பத்தைத் தாங்கும் கடமையையும் ஊழியத்தையும் இரண்டு மூன்று வருஷம் சேர்த்துச் சுமந்து பார்த்தபின், போதகரும் கமிட்டியும் வீட்டாரும் ஒருமனப்பட்டால் மட்டுமே அதை யோசிக்கலாம்.

போதகரே தடையாக நின்றால்

சில போதகர்கள், சபையாரின் வரம் வளர்ந்தால் தம் ஸ்தானம் குறையுமென்று அஞ்சுகிறார்கள் என்பதும், வேறு சிலர் வரம்பெற்றவரைத் தம் சொந்தக் காரியங்களுக்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதும் உண்மையே. மறுப்புக்குக் காரணம் சொல்லப்படாவிட்டால், மரியாதையோடு ஒருமுறை கேளுங்கள். மூன்று மாதம் பொறுத்து மறுபடியும் கேளுங்கள். அதன்பின் கமிட்டியில் மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு மூவராக அமர்ந்து பேசுங்கள். அதற்கும் பலனில்லையென்றால், மறைவிலே தனிக்கூட்டம் தொடங்காமல், அவருக்குச் சொல்லிவிட்டு வேறு சபைக்குச் செல்லுங்கள். ஆனால் தகாத தொடுகையோ, பயமுறுத்தலோ, பணக்கட்டாயமோ நேர்ந்தால் இந்தப் பொறுமையின் படிகள் எவையும் பொருந்தா. உடனே விலகி, வீட்டாருக்கும் அத்தியட்சருக்கும், குற்றமானால் காவல்துறைக்கும் தெரிவியுங்கள்.

போதகர் மாற்றலாகும்போது

தென்னிந்தியத் திருச்சபையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குருவானவர்கள் மாற்றப்படுவதும், பெங்களூர்வாசிகள் தாமே வேலை நிமித்தம் ஊர் மாறுவதும் சாதாரணம். இதனால் பயிற்சி முறியாதிருக்க, பிரிவதற்கு ஒரு மாதம் முன்பே போதகரைச் சந்தித்து, நீங்கள் கற்றது, கற்கவேண்டியது, செய்யக்கூடாதென்று அவர் கருதுவது ஆகிய மூன்றையும் நோட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். புதிய போதகரிடம் முதல் மாதத்தில் மேடை கேட்கவேண்டாம். அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன் வையுங்கள். பழைய சபையில் நீங்கள் பிரசங்கம் செய்தவராக இருந்தாலும், இங்கே அவர் நாற்காலிகளை ஒழுங்குபடுத்தச் சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி முன்பாகவே ஆலயத்துக்குச் சென்றுவிடுங்கள்.